சோடியம், மெக்னீசியம், தெர்மைட்: மேடையில் உலோகத்தை எரிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக 18 வருடம் குப்பை கொட்டியவன் நான் (குப்பை என்று ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்). இப்போது தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாக்களில் சோதனைகள் செய்து காட்டக் கூப்பிடுகிறார்கள். விழா நெருங்கினால் ஆசிரியர்களும் இளைஞர் மன்றத் தம்பிகளும் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் ஏன் வெடிக்கிறது? ஹைட்ரஜன் எரிவதால்தானே?

இடைநிலைப் பள்ளியில் படிவம் 4இல் சொல்லித்தருவது அதுதான். சோடியம் தண்ணீரோடு சேர்ந்து சோடியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜனும் உண்டாகின்றன, அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் பற்றிக்கொள்கிறது. இதில் பொய் இல்லை, ஆனால் முழுக் கதையும் இது இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உலோகத்தைச் சுற்றி ஹைட்ரஜனும் நீராவியும் போர்வை மாதிரி மூடிக்கொண்டால் தண்ணீர் உள்ளே வர வழியில்லை, அப்படியென்றால் வினை தானாக அடங்கிப் போக வேண்டுமே? காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் கல்லைத் தொடாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதல்லவா, அதே மாதிரி.

இந்தக் கேள்விக்கு 2015இல்தான் நல்ல பதில் கிடைத்தது. பிராக் நகரில் பாவெல் யுங்விர்த்தின் குழு, பிலிப் மேசன் முன்னின்று செய்த ஆய்வு, 'நேச்சர் கெமிஸ்ட்ரி' இதழில் வந்தது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கலந்தால் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும். அதைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு அதிவேகக் கேமராவில் எடுத்தார்கள். சொட்டு தண்ணீரைத் தொட்டு ஒரு மில்லி விநாடிகூட ஆகவில்லை, அதற்குள் அதன் மேல் பலாப்பழத் தோல் மாதிரி முள் முளைக்கிறது. எலக்ட்ரான்கள் உலோகத்தை விட்டுத் தண்ணீருக்குள் ஓடிவிடுகின்றன, மிஞ்சியிருப்பது எல்லாம் நேர் மின்னேற்றம், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு உலோகமே கிழிந்து நாலா பக்கமும் பாய்கிறது. பாய்ந்த ஒவ்வொரு முள்ளுக்கும் புதுத் தண்ணீர், போர்வை எல்லாம் போன இடம் தெரியாது. ஹைட்ரஜன் எரிவது அதற்கு அப்புறம் நடக்கும் கூத்து.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'நெருப்பு வந்தால்தானே ஆபத்து, சும்மா ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று துண்டு மிதக்கும்போது குனிந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே அளவுத் துண்டு, ஒரே தொட்டி, நான்கு தடவை சீறிக்கொண்டு ஓடிக் கரையும், ஐந்தாவது தடவை டப்பென்று தெறிக்கும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெடிக்காது.

எவ்வளவு போடலாம்?

சோடியம் என்றால் பச்சைப் பயறு அளவு. பொட்டாசியம் அதில் பாதி. மேடைக்கு இது போதுமா என்று கேட்காதீர்கள், போதும், மேலே கேமரா வைத்துத் திரையில் போட்டுக் காட்டுங்கள். சின்னத் துண்டின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். துண்டு பெரிதாகப் பெரிதாக அந்தச் சூடு உள்ளேயே தங்கிவிடும். சோடியம் உருகுவது 98 டிகிரி செல்சியஸில், கொதிக்கும் தண்ணீரைவிடக் குறைவு, ஆகவே அது எப்படியும் உருகிக் குண்டுமணியாகத்தான் ஓடும். பெரிய குண்டுமணி தெறித்தால் உருகிய உலோகமும் காரமும் (அந்தச் சோடியம் ஹைட்ராக்சைடுதான்) சேர்ந்து வரும்.

தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்க வேண்டும். குறுகலான பீக்கர் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் துண்டு ஓரத்தில் ஒட்டாது. ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிற துண்டுதான் சூடேறி வெடிக்கிறது. முன்னால் தெளிவான பாலிகார்பனேட் தடுப்பு, பிள்ளைகள் அதற்கும் பின்னால் சில மீட்டர் தள்ளி. அப்புறம் ஒன்று, எல்லோரும் மறப்பது: மேலே சுற்றுகிற காற்றாடியை நிறுத்துங்கள். நம் ஊர் வெக்கைக்கு யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆனால் தொட்டியிலிருந்து எழும் வெள்ளைப் புகையில் காரத் துளிகள் இருக்கின்றன, காற்றாடி அதை நேராக முதல் வரிசைப் பிள்ளைகளின் மூக்கிலும் கண்ணிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

யூடியூபில் டிரம் டிரம்மாக ஏரியில் உருட்டி விடுகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

அது 1947இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், லெனோர் ஏரியில் நடந்தது. போர் முடிந்து மிஞ்சிய சோடியத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அரசாங்கமே மலைச்சரிவிலிருந்து உருட்டிவிட்டது, அதைப் படமும் எடுத்து வைத்தார்கள். ஏற்கெனவே காரத்தன்மை உள்ள ஏரி, மீன் கிடையாது என்பது அவர்கள் சொன்ன சமாதானம். இன்றைக்கு அப்படிச் செய்தால் எந்த நாட்டிலும் கம்பி எண்ண வேண்டியதுதான். அதைப் பார்த்துவிட்டு 'தெலுக் பஹாங் அணைக்கட்டில் கொஞ்சமாகப் போடலாமா சார்' என்று ஒரு தம்பி நிஜமாகவே கேட்டான். குடிதண்ணீர் ஐயா அது.

பொட்டாசியம் இன்னும் நன்றாக இருக்குமாமே, ஊதா நிறச் சுவாலையோடு?

இருக்கும். ஹம்ப்ரி டேவி 1807இல் மின்சாரத்தை வைத்து அதைப் பிரித்தெடுத்த நாளிலிருந்தே அது எல்லோரையும் மயக்கித்தான் வந்திருக்கிறது. ஆனால் நான் தொடுவதில்லை, காரணம் அலமாரியில் பழசாகிக் கிடக்கும் புட்டிகள். பொட்டாசியம் மண்ணெண்ணெய்க்குள் இருந்தாலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து மேலே மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ பொருக்குக் கட்டும். அது சூப்பர் ஆக்சைடு, ஆக்சிஜன் மிகுதியாக ஏறிய சேர்மம். அதன் மேல் கத்தியை வைத்து அழுத்தினால், பொருக்கும் எண்ணெயும் உள்ளிருக்கும் புது உலோகமும் ஒன்றாக நசுங்கி, தண்ணீரே இல்லாமல் வெடிக்கும். மஞ்சள் கண்ட புட்டியைத் திறக்காதீர்கள், ஆட்டாதீர்கள், ஆய்வுக்கூடப் பொறுப்பாசிரியரிடம் சொல்லி, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்துச் செய்யலாமா? இணையத்தில் விற்கிறார்கள்.

வேண்டாம். இதற்கு நீளமான பதில் கிடையாது. பத்தாவது மாடி பிளாட்டில், பக்கத்து வீட்டு மலர்ச்சட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற பால்கனியில், எண்ணெய்க்குள் கிடக்கும் உலோகத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படித் தூங்குவீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. லித்தியத்துக்காகப் பேட்டரியைப் பிரிப்பதும் இதே கணக்குதான்.

செய்து முடித்தபின் மிச்சத்தை என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் குறைவாகக் கேட்கிறார்கள், இதற்குத்தான் நான் அதிகமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆரம்ப காலத்தில் ஒரு நாள். அப்போது வேறொரு பள்ளி. மூன்று வகுப்புக்கு அடுத்தடுத்துச் சோடியம் செய்து காட்ட வேண்டும். துண்டை எண்ணெயிலிருந்து இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வைத்து வெட்டினேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய் வெட்டுகிற மாதிரிதான் இருக்கும், கத்தி தடையில்லாமல் இறங்கும். வெட்டிய முகம் பாதரசம் பூசியதுபோல் பளபளக்கும், அந்தப் பளபளப்பை ஒரு மாணவனைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சாம்பல் பூத்துவிடும். மேலே கட்டியிருக்கும் பொருக்கைச் சீவிச் சீவி எறிந்தேன். எங்கே? அதே வடிதாளில். மூன்று வகுப்பும் முடிந்தது, கைதட்டல், மணி அடித்தது, நான் வடிதாளைக் கசக்கி மூலையில் இருந்த பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

தொட்டிக்குள் முந்தின வகுப்பில் மேசை துடைத்த ஈரத்தாள் கிடந்தது. வேறென்ன வேண்டும்? திரும்பி வரும்போது கதவு இடுக்கில் புகை. தொட்டி ஒரு பக்கமாக உருகிச் சாய்ந்திருந்தது, தாள் எரிகிறது, நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கண் மாதிரி சோடியம். எனக்கு முதலில் கை போனது எங்கே தெரியுமா, தண்ணீர்க் குழாய்க்கு. நல்ல வேளை, வாளியில் மணல் இருந்தது ஞாபகம் வந்து அதைக் கொட்டினேன். மேசைத் திரையோ எண்ணெய்ப் புட்டியோ பக்கத்தில் இல்லாததால் தப்பித்தோம். மேடையில் நடந்த மூன்று தடவையும் ஒன்றும் ஆகவில்லை, குப்பைத் தொட்டிதான் எரிந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த திட்டு தனிக்கதை.

இப்போது செய்வது இப்படி. சீவல், ஒற்றிய தாள், கத்தியில் ஒட்டியது, இடுக்கி முனையில் ஒட்டியது எதுவும் குப்பைக்குப் போகாது. பெரிய துண்டாக இருந்தால் திரும்ப எண்ணெய்க்குள். சின்னச் சீவல்கள் என்றால் புகை உறிஞ்சும் பெட்டிக்குள், மூடாத அகலப் பாத்திரத்தில் புரோப்பனால் (ஒரு வகை ஆல்கஹால்) ஊற்றி அதில் ஒவ்வொன்றாகப் போடுகிறோம், தண்ணீரைவிட அது ரொம்ப மெதுவாகத் தின்னும். குமிழி வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்போ சுவிட்சோ கூடாது, மூடி போடக்கூடாது, அவசரப்படக்கூடாது. குமிழி நின்றுவிட்டது என்று நினைத்தபிறகும் ஒரு இரவு விட்டுவைப்பேன். இது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய வேலை, ஆசிரியர் இல்லாத நேரத்தில் படிவம் 5 பையனிடம் விட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை. கத்தி, இடுக்கி, ஒற்றிய தாள் எல்லாம் அதே புரோப்பனாலில் குளித்த பிறகுதான் கழுவும் தொட்டிக்குப் போகும்.

செய்து காட்டிய தொட்டியில் இருக்கும் தண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை, காரம். கையுறை இல்லாமல் அதில் கைவிட்டால் வழுக்கும், அந்த வழுக்கல் சோப்பு இல்லை, உங்கள் தோல் கரைவது.

மெக்னீசிய நாடா பாதுகாப்பானதுதானே? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கே காட்டுகிறார்கள்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் நாடா, நீள இடுக்கி, கீழே காய்ந்த மணல் தட்டு: சரி. சுவாலை 3,000 டிகிரியைத் தொடும், வெளிச்சத்தில் புற ஊதாக் கதிரும் கலந்திருக்கும். நேராகப் பார்க்கச் சொல்லாதீர்கள். 'ஒன்று இரண்டு மூன்று எல்லோரும் பாருங்கள்' என்று எண்ணிக் கொளுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள், சுவரில் விழும் நிழலே அழகு.

பொடி வேறு, நாடா வேறு. மெக்னீசியமோ அலுமினியமோ பொடியாகிக் காற்றில் பறந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும். 2014 ஆகஸ்டில் சீனாவின் குன்ஷானில் கார்ச் சக்கரம் மெருகேற்றும் தொழிற்சாலையில் அலுமினியத் தூசு வெடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். யாரும் அங்கே வேதியியல் வித்தை காட்டவில்லை, பெருக்காத தூசு, அவ்வளவுதான்.

பற்றிக்கொண்டால் எந்தத் தீயணைப்பான்?

நடைகூடத்தில் மாட்டியிருக்கும் சிவப்பு உருளை இதற்கு இல்லை. தண்ணீர் ஊற்றினால் சோடியத்துக்குத் தீனி. கார்பன் டை ஆக்சைடு அடித்தால் எரிகிற மெக்னீசியம் அதிலிருக்கும் ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொண்டு இன்னும் பளீரென்று எரியும், மிஞ்சுவது கரி. உலோகத் தீக்கென்று தனித் தூள் வகை இருக்கிறது, டி வகுப்பு என்பார்கள், பள்ளிகளில் நான் பார்த்தது அபூர்வம். காய்ந்த மணல் ஒரு வாளி போதும். 'காய்ந்த' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பள்ளிக்கு வெளியே திறந்து வைத்த வாளியில் நேற்றைய மழை இருக்கும், ஈர மணலைக் கொட்டினால் நீங்கள் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். மூடி போட்ட டப்பாவில், ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே வையுங்கள், நிகழ்ச்சிக்கு முன் கைவிட்டுப் பாருங்கள்.

கட்டுக்கு மீறினால் 999. பொம்பாவிடம் (தீயணைப்புத் துறை) 'தீ' என்று மட்டும் சொல்லாதீர்கள், 'சோடியம்' அல்லது 'மெக்னீசியம்' என்று பெயர் சொல்லுங்கள், அவர்கள் குழாயைத் திருப்புவதற்கு முன் தெரிய வேண்டியது அதுதான்.

மேலே தெறித்துவிட்டால்?

தோலில் உலோகத் துணுக்கு ஒட்டியிருந்தால் முதலில் இடுக்கியால் எடுத்துவிட்டு, அப்புறம்தான் குழாயடியில் பிடித்துத் தண்ணீரைத் தாராளமாக ஓடவிட வேண்டும், குறைந்தது 20 நிமிடம். காரம் கண்ணில் பட்டால் யோசிக்க நேரமில்லை, இமையைப் பிரித்துப் பிடித்து உடனே தண்ணீர், விடாமல், பிறகு நேராக மருத்துவமனை. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நச்சுப் பொருள் விஷயத்தில் டாக்டர்கள் ஆலோசனை கேட்கும் தேசிய நச்சு மையம் வேறெங்கும் இல்லை, நம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

உடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழா என்றால் டீச்சர்கள் பட்டுப்போன்ற செயற்கை இழைச் சேலையில் வருவார்கள், முந்தானை தொட்டி மேல் தொங்கும். செயற்கை இழை எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சட்டை, மேலே ஆய்வுக்கூட அங்கி, பக்கமும் மூடிய கண்காப்பு. மூக்குக்கண்ணாடி கண்காப்பு ஆகாது. சேலைதான் வேண்டும் என்றால் தொகுத்து வழங்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தெர்மைட் செய்து காட்டலாமா? கலவை விகிதம் சொல்லுங்கள்.

விகிதம் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்படி வேலை செய்கிறது என்பது ரகசியம் இல்லை: அலுமினியம் இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது, 2,000 டிகிரிக்கு மேல் சூடு, உருகிய இரும்பு ஆறாக வழிகிறது. ஜெர்மானியர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895இல் காப்புரிமை எடுத்தார், அதிலிருந்து இன்றுவரை தண்டவாளம் ஒட்டுவதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் மூடினாலும் அணையாது, எரிந்து முடியும் வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒருமுறை பட்டர்வொர்த் பக்கம் இரவில் தண்டவாள வேலை நடந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நான் கவனித்தது தீப்பொறியை இல்லை. அந்த வேலையாட்கள் வார்ப்பு அச்சையும் தண்டவாள முனையையும் எரிவாயுச் சுவாலையில் வெகு நேரம் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். முதல் காரணம் ஒட்டு நன்றாகப் பிடிக்க, கூடவே அச்சில் ஈரம் இருக்கக் கூடாது. உருகிய இரும்பு ஒரு துளி ஈரத்தைத் தொட்டால் அது நொடியில் ஆவியாகி, இரும்பை நாலாபுறமும் வீசியடிக்கும். தொழிலாகச் செய்பவர்களே இவ்வளவு பயப்படுகிற ஈரத்தை, தினமும் நாலு மணிக்கு மழை கொட்டுகிற ஊரில், பள்ளித் திடலின் சிமெண்டுத் தரையில் வைத்து எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள்? சிமெண்டுக்குள்ளும் ஈரம் உண்டு, அதுவும் தெறிக்கும். காணொளி போட்டுக் காட்டுங்கள், போதும்.

தீபாவளிக்கு மத்தாப்பைப் பிரித்து அந்த மருந்தை வைத்து ஏதாவது…?

கூடாது. உலோகப் பொடியும் ஆக்சிஜன் தரும் உப்பும் கலந்தால் அது வெடிமருந்து, நீங்கள் அதற்கு 'அறிவியல் திட்டம்' என்று பெயர் வைத்தாலும் 1957 வெடிபொருள் சட்டத்துக்கு முன் அது வெடிமருந்துதான். 1958இல் வந்த இன்னொரு சட்டமும் அரிக்கும் பொருள், வெடிபொருள் இரண்டையும் பிடிக்கிறது. சட்டத்தைக்கூட விடுங்கள், இந்தக் கலவை உரசலுக்கும் சட்டையில் இருக்கும் நிலைமின்சாரத்துக்குமே பற்றும். கொளுத்தும்போது மட்டுமில்லை, கலக்கும்போதே விரல் போகும்.

அப்போ எதைத்தான் காட்டுவது? எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறீர்களே.

நிறைய இருக்கிறது. பாத்திரம் துலக்கும் இரும்புக் கம்பிப் பஞ்சு (சோப்பு இல்லாதது) ஒரு சிட்டிகை எடுத்துத் தராசின் ஒரு தட்டில், தாள் எதுவும் இல்லாத பீங்கான் ஓட்டின் மேல், வைத்துக் கொளுத்துங்கள். சிவப்புக் கோடுகள் எறும்பு ஊர்வதுபோல் ஊரும். எரிந்தால் எடை குறையும் என்றுதான் எல்லாப் பிள்ளையும் சொல்லும், தட்டு கீழே இறங்கும். அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே!

கடையில் விற்கிற தானே சூடாகும் ஹாட்பாட் டப்பா தெரியுமில்லையா? அதன் அடியில் போடும் பையில் பெரும்பாலும் சுண்ணாம்பும் அலுமினியப் பொடியும் இருக்கின்றன, தண்ணீர் பட்டதும் சூடும் ஹைட்ரஜனும். வீரியமான உலோக வினையைத்தான் நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு அடியில் வைக்கிறீர்கள். அட்டையில் போட்டிருப்பதுபோலவே செய்து, மூடியிலுள்ள ஓட்டையை அடைக்காமல், ஜன்னல் திறந்து, வெப்பமானி வைத்துக் காட்டலாம். பையைப் பிரிக்க வேண்டாம்.

காலியம் எனக்குப் பிடித்தது. 29.8 டிகிரியில் உருகும், குளிர்நாட்டுக் காணொளிகளில் உள்ளங்கையில் வைத்து உருக்குவார்கள். நம் ஊரில் மதியம் புட்டியைத் திறந்தால் ஏற்கெனவே உருகித்தான் இருக்கும், கட்டியாகக் காட்ட ஏர்கான் அறை வேண்டும்! அலுமினிய டப்பாவின் வண்ணத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வைத்தால், மறுநாள் விரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கும். மடிக்கணினிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

கோலாலம்பூர் போகிறவர்கள் பெட்ரோசைன்சையும் தேசிய அறிவியல் மையத்தையும், பினாங்கில் கொம்தாரில் இருக்கும் டெக் டோமையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நீங்கள் இன்னும் சோடியம் போட்டுக் காட்டுகிறீர்களா?

வருடத்துக்கு ஓரிரு தடவை, பள்ளி ஆய்வுக்கூடத்தில், பொறுப்பாசிரியர் பக்கத்தில் இருந்தால். பயறளவுத் துண்டு, ஒரே தடவை, 'இன்னொரு தடவை சார்' என்று கத்தினாலும் இல்லை. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வடிதாள் ஊறுகிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், கடைசிக் குமிழி வரும்வரை. மீகோரெங் யாராவது கட்டிக்கொண்டு வந்து வைப்பார்கள், வெளியே.